முதுகில் எட்டு போட்ட புத்தகம்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, அத்தையின் முட்டிவலி மூவரும் நலம். உன் நலத்தை உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நீதான் பத்தொன்பது நாளாக என் போனை எடுப்பதில்லையே. அக்காவைக் கேட்டால், "உன் பேரைச் சொன்னாலே அவ தட்டைத் தள்ளிட்டு எழுந்து போறா, கொஞ்ச நாள் சும்மா கிடடா" என்கிறாள். சும்மா கிடந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். நான் படித்தது எட்டு வகுப்புதான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஒருமுறை ஹெட்மாஸ்டரே நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருக்கிறார்.

நடந்ததை நீ ஊரார் வாயால் கேட்டிருக்கிறாய். ஊரார் வாயில் எல்லாம் கோணலாகத்தான் வரும். என் வாயால் நேராகக் கேள்.

நான் வேலை பார்ப்பது எப்பேர்ப்பட்ட பதிப்பகம்! மாடியில் ஆபீஸ், கீழே அச்சு, பின்னால் கோடவுன். முப்பத்தோரு வருஷமாக பைண்டிங் பிரிவில் என் கை படாமல் ஒரு புத்தகம் வாசல் தாண்டியதில்லை. எங்கள் எல்லோருக்கும் சோறு போடுவது அந்தப் படகுக்காரன் கதைதான். ஆற்றுக்கு இந்தக் கரையில் படகுக்காரன், அந்தக் கரையில் டாக்டரம்மா, ஏழு பாகம் முழுக்க இரண்டு பேருக்கும் சண்டை. ஏழாம் பாகம் முடியும்போது என்ஜின் நின்றுபோன படகில் அவனை நட்டாற்றில் உட்காரவைத்துவிட்டு எழுத்தாளர் பேனாவை மூடினார். ஆறு வருஷமாச்சு, இன்னும் திறக்கவில்லை. முதலாளி அவர் காலில் விழாத குறை.

அந்தப் படகை நீ எடுத்து ஓட்டினாய். நான்கு வருஷமாக இணையத்தில், புனைபெயரில், நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயம். அடுத்தவர் கதையின் ஆட்களை வைத்து ரசிகர்களே மேற்கொண்டு எழுதுவதற்கு ஃபேன்ஃபிக்‌ஷன் என்று பெயராம், அத்தை சொன்னாள். நீ அத்தையிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாய். அத்தையிடம் சொன்னது எனக்கு எப்படித் தெரியாமல் போகும்?

போன மாதம் உன் பிறந்தநாள். மாமா என்ன கொடுப்பது? கண்ணாடித் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் படிப்பதெல்லாம் ஒரு படிப்பா? மிச்சத் தாளில் முழுக்கதையையும் அடித்து, எழுநூற்று நாற்பது பக்கம், என் கையால் தைத்து, படகுக்காரன் வரிசைக்குப் போடும் அதே நீலத் துணியில் அட்டை கட்டினேன். முதுகில் என்ன போடுவது? இழுப்பறையில் எண்ணெய்த் தாளில் சுற்றி, சூடாக்கி முதுகில் எழுத்துப் பதிக்கும் பிளாக் ஒன்று கிடந்தது. "எட்டு". எழுத்தாளர் எப்படியும் கொடுத்துவிடுவார் என்று முதலாளி ஆசைப்பட்டு முன்கூட்டியே செய்துவைத்தது. ஒரு நாளும் சூடு காணாத பிளாக். பார்க்கவே பாவமாக இருந்தது. தங்க ஃபாயில் வைத்து ஒரே அழுத்து! உன் பெயரை எங்கேயும் போடவில்லை. ரகசியம் காப்பதில் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது.

பசை காயட்டும் என்று அலமாரியில் நிறுத்தியிருந்தேன். அன்றைக்குப் பார்த்து எழுத்தாளர், முதல் பாகத்தின் மறுபதிப்பில் கையெழுத்துப் போட வந்தார். பார்த்தால் தன் வரிசையில் ஏழுக்குப் பக்கத்தில் எட்டு! எடுத்தார். தாள் கட்டின் மேல் உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கண்ணில் நீர் தாரை தாரையாக ஊற்றுகிறது. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "யாருய்யா அந்த மகராசி? என் படகைக் கரை சேத்துட்டாளே!" என்றார். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க நான் என்ன கல்லா? உன் பெயர், ஆபீஸ், போன் நம்பர் எல்லாம் சொன்னேன்.

இதற்குப் போய் கோபமா? ஒரு வரி எழுது.

உன் மாமா


மார்ச் 12

மாமா,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மா உங்கள் கடிதத்தைத் தினமும் என் தட்டுக்குப் பக்கத்தில் ஊறுகாய் மாதிரி வைக்கிறாள். அதை நிறுத்தவாவது எழுதித் தொலைக்கிறேன்.

நீங்கள் போன் நம்பரைக் கொடுத்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. உங்கள் பதிப்பகத்தின் விற்பனைப் பிரிவு மேடம் என் ஆபீசுக்குக் கூப்பிட்டாள். எங்கள் குடிநீர்ப் புகார்ப் பிரிவில் ஒரே போன், அதிலும் காதில் வைக்கும் பக்கம் பழுது. கண்காணிப்பாளர் ஸ்பீக்கரில் போட்டார். "மேடம், உங்க நாப்பதாவது அத்தியாயம், அந்த முத்தம், செம மேடம்!" ஒன்பது பேர் கேட்டார்கள். புகார் கொடுக்க வந்த இரண்டு பேரும் கேட்டார்கள்.

மறுநாள் மதியம் பில் பிரிவில் ஒருத்தர் நாற்பதாம் அத்தியாயத்தைப் படகுக்காரன் குரலில் வாசித்துக் காட்டினார். இப்போது என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "டாக்டரம்மா, மூணாவது தெருவுல தண்ணி வரலையாம், ஊசி போடுங்க." நான் கோப்பு அறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். ஆபீஸ் நேரத்தில் எழுதினாயா என்று விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வேறு வந்திருக்கிறது. கோபம்கூட இல்லை மாமா, அலுப்பு. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது நான் நானாக இருந்த ஒரே இடம் அந்தக் கதை. அங்கேயும் இப்போது பில் பிரிவு உட்கார்ந்திருக்கிறது.

மேடம் நேரிலும் வந்தாள். நல்லவள்தான், என்னைவிடச் சின்னவள், அவளும் களைத்துப்போனவள். "தபால்ல வர்ற கதையை இப்ப நாங்க பிரிக்கிறதே இல்ல மேடம். ஏற்கெனவே கூட்டம் எங்க இருக்கோ அங்க போய்க் கேக்குறோம். உங்களுக்கு நாப்பதாயிரம் பேர் இருக்காங்க. பேரை மாத்துங்க, ஆத்தை ஏரியாக்குங்க, டாக்டரை வக்கீலாக்குங்க, புத்தகம் ரெடி." 'எதிரிகள் காதலர்கள் ஆவது', 'ஒரே அறை, ஒரே கட்டில்' என்றெல்லாம் நாங்கள் எங்களுக்குள் கேலியாக ஒட்டிக்கொண்ட சீட்டுகள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் இப்போது பின்னட்டையில் அச்சடிக்கிறார்களாம். கடைகளில் அதன்படிதான் அடுக்குகிறார்களாம். கதை எழுதத் தெரியாமல் நாங்கள் பிடித்துக்கொண்ட ஊன்றுகோலை எழுதத் தெரிந்தவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புத்தகம் என் பெயரில் வரும். அதற்கு ஒரு நிபந்தனை: மாத முடிவுக்குள் இணையத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒவ்வோர் அத்தியாயத்துக்குக் கீழேயும் படித்தவர்கள் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன, முப்பத்தோராயிரம். என்ஜின் இல்லாத படகை எப்படித் திருப்புவது என்று எனக்கென்ன தெரியும்? 'கடைசிப் படகு' என்ற பெயரில் ஒருவர் எழுதுவார், நிஜமாகவே படகில் வேலை செய்கிறவர். நங்கூரத்தைப் பாதி இறக்கி அடியில் உரசவிட்டால் மூக்கு தானே திரும்பும் என்று அவர் சொல்லித்தான் மூன்றாம் அத்தியாயமே எழுதினேன். மருந்தின் அளவைத் திருத்தியது ஒரு நர்ஸ். அத்தியாயம் போனால் அவர்கள் எழுதியதும் போகும். என்னோடு எழுதிய மூன்று பேர் இப்படித்தான் பெயரை மாற்றிக்கொண்டு புத்தகமானார்கள். அவர்களைத் தேடி வந்தவர்கள் பூட்டிய வீட்டு வாசலில் நிற்பதுபோல் இன்னமும் என் பக்கத்தில் வந்து விசாரிக்கிறார்கள்.

புத்தகத்துக்கு ஆசையில்லை என்றால் பொய். ஆனால் அந்த இரண்டு பேரும் அவர் பெற்றவர்கள். அவருக்கு இஷ்டமில்லாமல் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? மேடத்திடம் கேட்டேன். "அவர் அழுதுட்டாரே மேடம்! 'மூல ஆசிரியரே கண்ணீர் விட்டுப் படித்த கதை'ன்னு பின்னட்டையிலயே போடுறோம்" என்றாள். யார் சொன்னது என்றேன். "உங்க மாமாதான்."

மாமா, அவர் நிஜமாக அழுதாரா? என் புத்தகம் எங்கே இருக்கிறது? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.


மார்ச் 17

அன்புள்ள எழுத்தாளர் மருமகளுக்கு,

பார்த்தாயா, பட்டமே மாறிவிட்டது! உன் கடிதத்தை அத்தை மூன்று முறை வாசித்தாள். ஊறுகாய் என்ற இடத்தில் சிரித்தாள்.

அழுதாரா என்றா கேட்கிறாய்? கைக்குட்டையைப் பிழிந்து கட்டிங் மிஷின் மேல் காயப்போட்டோம். பிறகு என் துண்டைக் கொடுத்தேன். அச்சுப் பிரிவே வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றது. போர்மேன் விம்மினார். உன் புத்தகம் மாடியில் முதலாளி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்குப் போட்டு வைத்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

எனக்கும் மரியாதை கூடிவிட்டது. பைண்டிங் போதும், உமது அறிவு வேறு இடத்தில் தேவைப்படுகிறது என்று முதலாளி என்னைப் புதிய பிரிவுக்கு மாற்றியிருக்கிறார். பெரிய இடம், கூரை உயரம் இருபது அடி, காற்று அள்ளிக்கொண்டு போகிறது. எல்லாப் புத்தகமும் என்னைக் கேட்டுத்தான் வெளியே போகும்.

போன வாரம் மாடியில் ஒரு கூட்டம். புத்தகத் தொழில் எங்கே போகிறது என்று எல்லோரும் முழிக்கிறார்கள். என்னைக் கேட்டார்கள். எழுந்தேன். "அந்தக் காலத்துல கதை வந்து ஆளைத் தேடுச்சு. இப்ப ஆளுங்க முதல்ல கூடிடறாங்க, கதை அப்புறம் வந்து உக்காருது. பந்தி போட்டப்புறம் அடுப்புப் பத்தவெக்கிற மாதிரி" என்றேன். கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம். அந்த மேடம் எழுதிக்கொண்டாள். உன்னைப்போல் பத்துப் பேரைப் பிடித்துக் கொடுத்தால் தனி அறையே தருவதாகச் சொல்கிறார்கள்.

பெயர் மாற்றுவதற்கெல்லாம் கவலைப்படாதே. படகுக்காரனுக்கு வேண்டுமானால் என் பெயரையே வை, எனக்கு ஆட்சேபம் இல்லை. டாக்டரம்மாவை வக்கீலாக்காதே, வக்கீல் என்றால் சண்டையில் அவள்தான் ஜெயிப்பாள். ஆற்றை ஏரியாக்கினால் எதிர்க்கரை தெரியுமே, அப்புறம் என்ன பிரிவு? கடலாக்கு. திமிங்கலம் ஒன்று விடு.

ஆகவே யோசிக்காமல் கையெழுத்துப் போடு. உன் அம்மா சின்ன வயசில் உன்னை நோஞ்சான் என்பாள். நான்தான் இவள் பெரிய ஆளாவாள் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தவன்.

உன் மாமா


மார்ச் 21

மாமா,

அம்மாவுக்கு உங்கள் கையெழுத்து தெரியும், எனக்கு உங்கள் காகிதம் தெரியும். கடிதத்தின் பின்பக்கம் அனுப்புச் சீட்டு. 'கட்டு எண் 14. எடை 22 கிலோ. கட்டியவர்' என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. இருபதடி கூரை என்பது கோடவுன். எல்லாப் புத்தகமும் உங்களைக் கேட்டுத்தான் போகும் என்றால், நீங்கள்தான் கயிறு போட்டுக் கட்டுகிறீர்கள்.

அத்தையிடம் பேசினேன். அந்த நாளிலிருந்தே உங்களை பைண்டிங்கில் விடவில்லையாம். அத்தைக்கு முட்டிவலி இல்லையாம். உங்களுக்குத்தான் இடுப்பு நிமிரவில்லையாம். இதை ஏன் என்னிடம் மறைத்தீர்கள்?

உங்கள் கதையில் எல்லோரும் அழுகிறார்கள், ஒருவர்கூடக் கோபப்படவில்லை. எல்லோரும் அழுத நாளில் உங்களை எதற்குக் கோடவுனுக்கு அனுப்புகிறார்கள்? நானும் கதை எழுதுகிறவள்தான் மாமா, இந்த இடத்தில் ஓட்டை என்று தெரிகிறது.

எழுத்தாளர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் யாரிடமும் பேசுவதில்லை என்று வைத்துவிட்டார்கள். அவர் அதைப் படிக்கும்போது பக்கத்தில் இருந்தது நீங்கள் ஒருவர்தான் என்று மேடம் சொல்கிறாள். போர்மேன் அன்றைக்கு விடுப்பாம். ஆக எனக்கு வாய்த்த ஒரே சாட்சி நீங்கள். என் தலையெழுத்தைப் பாருங்கள்.

பத்து நாள்தான் இருக்கிறது. சர்க்கரை போடாமல் ஒரு தடவை சொல்லுங்கள். உங்களால் முடியாது என்றால் எழுதவே வேண்டாம், நானும் எழுத மாட்டேன்.


மார்ச் 24

மருமகளுக்கு,

அத்தையை வெளியே அனுப்பிவிட்டு எழுதுகிறேன். அவள் இருந்தால் எனக்குக் கை கூட்டி எழுதும்.

அவர் அழவில்லை. பத்து மணிக்கு வந்தார். அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. முதலாளி தனக்குத் தெரியாமல் வேறு ஆளை வைத்து எட்டாம் பாகம் எழுதி வாங்கிவிட்டார் என்றுதான் அவர் நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நம் துணி, நம் ஃபாயில், நம் எட்டு. எனக்கு அது தோன்றவே இல்லை. பிளாக் சும்மா கிடக்கிறதே என்பதுதான் என் புத்திக்கு எட்டியது.

தாள் கட்டின் மேல் உட்கார்ந்து படித்தார். மூன்று மணி நேரம் என்பது உண்மை. தண்ணீர் மட்டும் கேட்டார். முழுதும் படிக்கவில்லை, பாதியைத் தாண்டியிருப்பார். பிறகு மூடிவைத்துவிட்டு, "யாரு எழுதினது?" என்றார்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

"நான்தான்" என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. முப்பத்தோரு வருஷத்தில் என் கை பட்ட புத்தகத்தைப் பார்த்து யாரும் என்னை நிமிர்ந்து பார்த்து எதுவும் கேட்டதில்லை. அவர் கேட்டார். வாய் முந்திக்கொண்டது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? என்ஜின் நின்னுபோச்சே, படகை எப்படித் திருப்பினே?"

"துடுப்பாலதாங்க."

"துடுப்பு ஏதுய்யா? ஏழாம் பாகத்துலயே உடைச்சிட்டேனே."

நான் பசை வாளியைக் கிளறினேன். ஏனென்றால், மருமகளே, நான் அதைப் படிக்கவே இல்லை. உன் கதையை மட்டுமில்லை, அவருடையதையும்தான். ஏழு பாகத்தையும் லட்சக்கணக்கில் தைத்திருக்கிறேன், பத்துப் பக்கம் சேர்ந்தாற்போல் படித்ததில்லை. கதைச் சுருக்கமெல்லாம் அத்தை சொல்லிக் கேட்டது.

அப்போதுதான் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தப்பிக்க வேறு வழி தெரியாமல் உன் பெயரையும் ஆபீசையும் நம்பரையும் கொட்டிவிட்டேன். பாசத்தில் இல்லை, பயத்தில். முதலில் உன் கதையை எடுத்துக்கொண்டேன், அது கையைச் சுட்டதும் உன் தலையில் போட்டேன். இதுதான் நடந்தது.

அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் அவனை முழுகடிக்கணும்னு இருந்தேன். ஆறு வருஷமா மனசு வரல" என்றார். "நல்லா இருக்குங்களா?" என்று நானே கேட்டேன். "இவ்வளவு எழுதியிருக்காளே, அந்தப் பொண்ணுக்குக் கை வலிக்கலையா?" என்றார். முதலாளியிடம், "என் ஆளுங்க பேர் இருக்கக் கூடாது. மாத்திட்டு அவ என்ன வேணா பண்ணிக்கட்டும். நான் படிச்சேன்னு எங்கயும் போடக் கூடாது" என்றார். இதை முதலாளி மேடத்திடம் சொல்லவில்லை போலிருக்கிறது. புத்தகத்தை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். கண்ணாடிப் பெட்டி எதுவும் இல்லை. அந்த மாடிக் கூட்டமும் பொய். என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

நாளைக்கு மாடிக்குப் போய் அழுகைக் கதை என் சொந்தச் சரக்கு என்று மேடத்திடம் சொல்லிவிடுகிறேன். இடுப்பு வலி நிஜம்தான், ஆனால் அத்தை சொல்கிற அளவுக்கு இல்லை.

உன் கதையை இப்போது அத்தையின் போனில் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் ஓர் அத்தியாயம். நீ கடிதத்தில் எழுதியிருந்த அந்த நங்கூரம் எனக்கு நேற்றுதான் புரிந்தது.

மாமா


ஏப்ரல் 2

மாமா,

"நான்தான்" என்ற வரியைப் படித்துவிட்டு உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கவிழ்த்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எடுத்தேன். நானும் நான்கு வருஷமாக இன்னொருவர் பெற்ற பிள்ளைகளை என் பிள்ளைகள் என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். உங்களுக்கு அந்த ஆசை இரண்டு நிமிஷம்தான் இருந்தது. உங்களை நிற்கவைத்துக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் ஆபீஸ் நம்பரைக் கொடுத்ததற்கு மன்னிப்பு இல்லை. அது தனி வழக்கு.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் மாடிக்குப் போய்ச் சொன்னதை மேடம் சொன்னாள். "பரவால்ல மேடம், 'ஒரே மூச்சில் படித்தார்'னு போட்டுக்கலாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். "படித்தார்னு மட்டும்?" என்றாள். அதுவும் வேண்டாம் என்று அடித்துக் கொடுத்தேன். அவர் முழுதாகப் படிக்கவும் இல்லை, படித்ததாகச் சொல்லவும் வேண்டாம் என்றிருக்கிறார். கை வலிக்கவில்லையா என்று கேட்டாரே, அது போதும். நான்கு வருஷத்தில் வேறு யாரும் கேட்கவில்லை.

எடுக்கப் போகிறேன் என்று நாலைந்து நாள் முன்னால் வாசகர்களுக்குச் சொன்னேன். நிறையப் பேர் வாழ்த்தினார்கள். ஒருத்தி, "நாங்க சொல்லிக் கொடுத்ததை எங்களுக்கே விக்கப் போறியா?" என்று எழுதினாள். பதில் எழுத உட்கார்ந்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால் எழுதவில்லை. கடைசிப் படகு ஒரே வரி எழுதினார்: "எல்லாரும் காப்பி எடுத்து வெச்சிருக்கோம், நீ கெளம்பு." அவரை நான் பார்த்ததில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

முந்தாநாள் மாலை அழித்தேன். 'நிச்சயமாகவா?' என்று இரண்டு முறை கேட்டது. ஒரு தம்ளர் பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது.

புத்தகத்தில் நன்றி சொல்ல ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். புனைபெயர்களாக நானூற்றிரண்டு வருகிறது. எறும்பு எழுத்தில் போட்டாலும் அடங்காது என்கிறாள் மேடம். இனிமேல்தான் பெயர் மாற்றும் வேலை. முதல் அத்தியாயத்தில் மாற்றிப் பார்த்தேன். இரண்டு பேரும் புதுச்சட்டை போட்டவர்கள் மாதிரி விறைப்பாக நிற்கிறார்கள், வாயைத் திறந்து பேசமாட்டேன் என்கிறார்கள். பழகிவிடுவார்கள் என்கிறாள் மேடம். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தூக்கம்தான் வருகிறது.

உங்களை மறுபடி பைண்டிங்கில் போடச் சொல்லிக் கேட்டேன். முதலாளியிடம் சொல்வதாகச் சொன்னாள். சொல்வாளா தெரியாது.

இடுப்புக்குத் தைலம் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.


ஏப்ரல் 9

அன்புள்ள மருமகளுக்கு,

தைலம் வந்தது. நல்ல தைலம், தடவினால் கோடவுனே மணக்கிறது. பைண்டிங்குக்கு இன்னும் கூப்பிடவில்லை. என் இடத்தில் இப்போது ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள். அது கூட்டியும் சொல்லாது, குறைத்தும் சொல்லாது. முதலாளிக்கு அது பிடித்திருக்கிறது.

நீ அழித்தாயே, அன்றைக்கு மதியம் நான் அறுபத்தேழாம் அத்தியாயத்தில் இருந்தேன். டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். படகுக்காரன் ஈரக்காலோடு படியில் நிற்கிறான். அந்த நேரம் பார்த்து லாரி வந்துவிட்டது, பதினெட்டுக் கட்டு. மறுநாள் போனைத் திறந்தால் 'இந்தப் பக்கம் இல்லை' என்கிறது. போனைத் தட்டினேன், அணைத்துப் போட்டேன், அத்தை திட்டினாள். அவள் திறந்தாளா இல்லையா? கடைசிப் படகு மாதிரி எடுத்துவைக்க எனக்குத் தெரியாதே. நானே எழுநூற்று நாற்பது பக்கம் தைத்துவிட்டு ஒரு பக்கம்கூட வைத்துக்கொள்ளவில்லை.

உன்னைக் கேட்டிருக்கலாம். புத்தகம் வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் அதில் வருவது வேறு பெயர்க்காரர்கள், எனக்கு அவர்களைப் பழக்கமில்லை. படியில் நிற்கிறவனை அத்தனை நாள் நிற்கவைக்க மனசு வரவில்லை. அதனால் அறுபத்தெட்டை நானே எழுதிப் பார்த்தேன். மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் எழுதியதில் புயல், முதலை, நாற்பது பேரைக் காப்பாற்றுவது எல்லாம் இருந்தது. அத்தை படித்துவிட்டு, "இது நீங்கதான், அவன் இல்ல" என்றாள். எல்லாவற்றையும் அடித்தேன். மிச்சம் கீழே இருப்பதுதான். உன் கை நிஜமாகவே வலித்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

உன் மாமா

அத்தியாயம் 68

டாக்டரம்மா கதவைத் திறந்தாள். படகுக்காரன் ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு யாரும் ஏறலை. சும்மா போயிட்டு, சும்மா வந்தேன்" என்றான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றான். பிறகு, "இல்ல" என்றான்.

அவள் நகர்ந்து வழிவிட்டாள். அவன் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான். வெகுநேரம் யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை.